வெட்டி விற்ற பட்டரும் உங்கள் லேபலும்

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறேன். பெட்டியில் "சுத்தமான பட்டர் கேக்" என்று லேபல் ஒட்டுகிறேன். பட்டரை மார்க்கெட் பக்கம் ஒரு கடையில், பெரிய கட்டியிலிருந்து வெட்டித் தருவதை, கிலோக் கணக்கில் வாங்குவது வழக்கம். கொஞ்ச நாளாகக் கேக் நடுவில் இறங்குகிறது, பழைய வாசமும் இல்லை. வாடிக்கையாளர் ஒருவர் "இது மாஜரின் கேக்" என்று சண்டை பிடித்துவிட்டார். போன கிழமை பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஒருவர் அந்தக் கடையில் சோதனைக்குப் பட்டர் மாதிரி எடுத்துப் போனதாகவும் கேள்விப்பட்டேன். கடைக்காரர் "அது வழமையான செக்கிங்" என்கிறார். என்னையும் நீதிமன்றத்துக்கு இழுப்பார்களா? வீட்டிலேயே பட்டரைச் சோதிக்க வழி உண்டா? கிண்ணியாவில் ஓர் அக்கா எருமைத் தயிர் கடைந்த வெண்ணெய் தருகிறார். வெள்ளை வெளேரென்று இருக்கிறது, அதை நம்பலாமா?

பதில்: சகோதரிக்கு, உணவு மாதிரி எடுத்து முத்திரை வைத்து அனுப்பும் வேலையைப் பல வருடம் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் பி.எச்.ஐ. எடுத்த மாதிரியைப் பற்றி. கடையில் மாதிரி எடுத்தார்கள் என்பதற்காகக் கடைக்காரர் களவு செய்தார் என்று அர்த்தமில்லை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. முறைப்பாடு வந்தால் எடுப்பார், முறைப்பாடு இல்லாமலும் எடுப்பார். எடுத்ததைப் பங்கு பிரித்து முத்திரையிட்டு, ஒரு பங்கைக் கடைக்காரரிடமே கொடுத்து, இன்னொன்றைப் பகுப்பாய்வாளருக்கு அனுப்புவார். அறிக்கை எழுத்தில் வந்து, அதில் குறை இருந்தால்தான் நீதவான் நீதிமன்றம் என்ற பேச்சே வரும். ஆகவே கடைக்காரர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். அறிக்கை வரும் வரை அந்தக் கடையின் பெயரை வாட்ஸ்அப் குழுக்களில் போட வேண்டாம். நாளைக்கு அறிக்கை சுத்தம் என்று வந்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

அந்த மாதிரிக்காக உங்களை யாரும் கூப்பிடப் போவதில்லை. அது கடையில் எடுத்த மாதிரி, பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர். என் கவலை வேறு. உங்கள் பெட்டியில் "சுத்தமான பட்டர் கேக்" என்று எழுதியிருப்பது நீங்கள், கடைக்காரர் இல்லை. வீட்டுக் குசினியில் செய்தாலும் விற்பனைக்குச் செய்கிறவர் சட்டத்தின் கண்ணில் உற்பத்தியாளர்தான். உணவைப் பற்றித் தவறான எண்ணம் வரும்படி லேபல் ஒட்டி விற்பது உணவுச் சட்டத்தில் குற்றம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் பொருளைப் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பதைத் தடுக்கிறது. "கடைக்காரர் பட்டர் என்றுதான் தந்தார்" என்று நீங்கள் சொல்லலாம். அதை எதை வைத்துக் காட்டுவீர்கள்? பில்லில் என்ன எழுதியிருந்தது, கட்டி எந்தப் பெட்டியிலிருந்து வந்தது, ஒன்றும் உங்கள் கையில் இல்லையே. அதனால் இன்றைக்கே செய்யக்கூடிய வேலை ஒன்று சொல்கிறேன். அந்த லேபலை நிறுத்திவிட்டு வெறும் "கேக்" என்று ஒட்டுங்கள். பட்டருக்கு ஆதாரம் கைக்கு வந்த பிறகு பழைய பெயருக்குத் திரும்பலாம்.

வெட்டி விற்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பேக்கரிகளுக்கென்று இறக்குமதியாகும் பட்டர் 25 கிலோ அட்டைப் பெட்டிகளில் வருகிறது. அதை வெட்டிக் கிலோக் கணக்கில் கொடுப்பது சாதாரண வியாபாரம். சிக்கல் எங்கே என்றால், அதே போன்ற பெட்டிகளில் மாஜரினும் வருகிறது, பட்டரும் மரக்கறி எண்ணெயும் கலந்த கொழுப்பும் வருகிறது. அவை எல்லாம் சட்டப்படி விற்கக்கூடிய நல்ல சாமான்கள்தான். பெட்டியின் மேல் உண்மையான பெயரும் இருக்கும், சேர்மானங்களில் பாம் எண்ணெய் என்று ஒளிவு மறைவில்லாமல் அச்சடித்தும் இருக்கும். பெட்டியை உடைத்துக் கட்டியைத் தட்டில் வைத்த பிறகு அந்த எழுத்து குப்பைக்குப் போய்விடும். அப்புறம் கடைக்காரர் வாயால் சொல்வதுதான் பெயர். நான் பார்த்த அளவில் பட்டர் மோசடியில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் நடக்கிறது. யாரும் இரவில் இரகசியமாக எதையும் கலக்க வேண்டியதில்லை, உறையைக் கழற்றினால் போதும். மாஜரினை விடக் கொஞ்சம் கூடிய, பட்டரை விட நிறையக் குறைந்த விலையில் ஒருவர் "பட்டர்" தருகிறார் என்றால் பெட்டியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நேர்மையான முதலாளி காட்டுவார். முகம் சுளிப்பவரிடம் ஏன் வாங்க வேண்டும்?

பட்டர் என்றால் இவ்வளவு இருக்க வேண்டும் என்று ஓர் அளவு இருக்கிறது. உலக உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் அமைப்பின் பட்டர் தரம் 1971ஆம் ஆண்டிலிருந்து வருவது. பால் கொழுப்பு ஆகக் குறைந்தது 80 சதவீதம், தண்ணீர் ஆகக் கூடியது 16 சதவீதம், கொழுப்பல்லாத பால் திண்மங்கள் ஆகக் கூடியது 2 சதவீதம். உப்புப் பட்டரில் உப்பு இதற்கு மேல் சேரும். இந்த மூன்று எண்ணும் ஒரு கேக்காரருக்குக் கையில் இருக்கும் தராசு மாதிரி, மனதில் வைத்திருங்கள்.

ஏனென்றால் பட்டரில் ஏமாற்று இரண்டு வகை. ஒன்று தண்ணீரைக் கூட்டுவது. மற்றது பால் கொழுப்பின் இடத்தில் வேறு கொழுப்பை வைப்பது. முதலாவதை நீங்கள் வீட்டில் பிடிக்கலாம், இரண்டாவதை முடியாது. பலரும் இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள்.

தண்ணீரைப் பிடிப்பது இப்படி. 250 கிராம் நிறுத்து எடுத்து, அடி கனமான சட்டியில் மெல்லிய நெருப்பில் உருக்குங்கள். சடசட என்ற சத்தம் அடங்கி, அடியில் பால் கசடு இலேசாகச் சிவக்கும்போது இறக்கி, மெல்லிய துணியில் வடித்து நிறுங்கள். ஒழுங்கான பட்டரில் 200 கிராம் அளவுக்கு நெய் தேற வேண்டும். துணியிலும் சட்டியிலும் ஒட்டியது போகக் கொஞ்சம் குறையலாம், அதை விட்டுவிடுங்கள். 150, 160 கிராம்தான் தேறுகிறது என்றால் நீங்கள் வாங்கியது பட்டர் இல்லை, கொழுப்புக் குறைந்த பரப்பி (ஸ்பிரெட்), அல்லது தண்ணீர் அடித்த பட்டர். உங்கள் கேக் நடுவில் இறங்குவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். சீனியோடு பட்டரை அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைப்பது கொழுப்பு. கொழுப்புக் குறைந்து தண்ணீர் கூடினால் கலவை திரிந்து, அடித்த காற்று நிற்காது. ஆனால் அவணின் சூடு குறைந்தாலும், பேக்கிங் பவுடர் கூடினாலும் கேக் இறங்கும். ஆகவே கேக்கை வைத்துக் கடைக்காரரைக் குற்றவாளி ஆக்காதீர்கள், தராசை வைத்துப் பேசுங்கள்.

நெய் 200 கிராம் சரியாக வந்துவிட்டது, அப்படியானால் சுத்தப் பட்டரா? இல்லை. மாஜரினிலும் 80 சதவீதம் கொழுப்பு வைத்துச் செய்கிறார்கள், அதுவும் இந்தச் சோதனையில் தேறிவிடும். உருக்கும்போது கவனித்தால் ஒரு குறிப்புக் கிடைக்கும். பட்டர் அதிகம் சத்தமில்லாமல் நிறைய நுரை கட்டி உருகும், அடியில் பால் கசடு சிவந்து அந்த வாசம் வரும். மாஜரின் நுரை குறைவாக, வெடித்துத் தெறிக்கும். நூறு வருடத்துக்கு முன் அமெரிக்கப் பரிசோதகர்கள் கரண்டியில் பட்டரை உருக்கி இப்படித்தான் பார்த்தார்கள். இன்றைய மாஜரின்களில் பால் திண்மமும் பட்டர் வாசனையும் சேர்க்கிறார்கள், ஆதலால் பாதிக்குப் பாதி கலந்திருந்தால் உங்கள் கண்ணும் மூக்கும் தோற்றுவிடும்.

எங்கள் ஊர் வெயிலும் கொஞ்சம் உதவும். பால் கொழுப்பு 32 முதல் 35 பாகை செல்சியஸுக்குள் உருகிவிடும். சித்திரை, வைகாசி மத்தியானத்தில் மார்க்கெட் கடை மேசையில், குளிரூட்டி இல்லாமல், விளிம்பு மழுங்காமல் நிமிர்ந்து நிற்கும் கட்டி பட்டராக இருக்க நியாயமில்லை. மறுபக்கம் இது செல்லாது. உருகுகிறது என்பதற்காகப் பட்டர் என்று முடிவு கட்ட முடியாது, மென்மையான மாஜரினும் உருகும்.

யூடியூபில் இன்னொரு சோதனை சுற்றுகிறது. உருக்கிய நெய்யில் சீனியும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் போட்டுக் குலுக்கினால் கலப்படம் சிவப்பாகத் தெரியும் என்று காட்டுவார்கள். அது இந்தியாவுக்குச் செய்த சோதனை. அங்கே வனஸ்பதியில் (நெய்க்குப் பதிலாகப் பாவிக்கும் மரக்கறிக் கொழுப்பில்) நல்லெண்ணெய் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று அரசாங்கம் விதி வைத்தது, பட்டரிலும் நெய்யிலும் கலந்தால் காட்டிக் கொடுக்கட்டும் என்பதற்காகவே. சிவக்கிறது அந்த நல்லெண்ணெய்தான். இங்கே கலக்கும் பாம் கொழுப்பில் நல்லெண்ணெய் இல்லாவிட்டால் நீங்கள் எவ்வளவு குலுக்கினாலும் நிறம் மாறாது, "என் பட்டர் சுத்தம்" என்று தப்பான நிம்மதிதான் வரும். வீட்டில் பிள்ளைகள் இருக்கும்போது அந்த அமிலத்தோடு விளையாடவும் வேண்டாம். அயடின் சொட்டு விட்டால் நீலமாவது மாச்சத்துக்கு. மாவோ அவித்த கிழங்கோ பிசைந்திருந்தால் அது காட்டும், எண்ணெயைக் காட்டாது.

ஆய்வுகூடம் என்ன செய்கிறது என்று தெரிந்தால் ஏன் நாள் எடுக்கிறது என்பதும் விளங்கும். பால் கொழுப்பில் பியூட்டிரிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது, மரக்கறி எண்ணெய்களில் அது கிடையாது. கொழுப்பை உடைத்து ஆவியில் வடித்தால் இந்த அமிலம் ஆவியோடு வந்து தண்ணீரில் கரையும். அதை அளந்து சொல்லும் எண்ணுக்கு ரைக்கர்ட்–மைசல் பெறுமானம் என்று பெயர். பட்டரில் அது ஏறத்தாழ 24 முதல் 34 வரை இருக்கும், பாம் எண்ணெயில் ஒன்றுமில்லை என்று சொல்லுமளவு குறைவு. தேங்காய் எண்ணெய்தான் எங்கள் பக்கத்துத் தந்திரசாலி. அதற்கு 6, 7 என்று வரும், கொஞ்சம் கலந்தால் எண் அவ்வளவாக இறங்காது. அதனால் பகுப்பாய்வாளர் பொலென்ஸ்கி பெறுமானம் என்று இன்னொன்றையும் சேர்த்துப் பார்ப்பார். பட்டரில் 3 அளவில் நிற்கும் அது, தேங்காய் எண்ணெயில் 15ஐத் தாண்டும். ஒன்றில் தப்பினவர் மற்றதில் அகப்படுவார். மாட்டின் தீவனம், பருவம் எல்லாவற்றோடும் இந்த எண்கள் ஏறி இறங்கும். கெட்டிக்காரக் கலப்படக்காரர் எல்லைக்கு உட்பட்டே கலக்கவும் பார்ப்பார். அவருக்காகத்தான் வாயு நிறப்பகுப்பு இயந்திரத்தில் கொழுப்பமிலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதும், தாவரத்தில் மட்டும் இருக்கும் ஸ்டெரோல்களைத் தேடுவதும். இதையெல்லாம் குசினியில் செய்ய முடியாது. பெரிய அளவில் வியாபாரம் செய்கிறீர்கள் என்றால் கொழும்பில் உள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் கட்டணத்துக்குப் பரிசோதித்துத் தரும். ஒரு வீட்டுக் கேக்காரருக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். உறையோடு வாங்கினாலே முக்கால்வாசிப் பிரச்சினை தீரும்.

ஒரு விஷயம் இங்கே சொல்லத் தோன்றுகிறது. மாஜரின் விற்பது இங்கே குற்றமில்லை, சிலர் குற்றம் என்று நினைத்து மாஜரின் வைத்திருக்கும் பேக்கரியைப் பார்த்தாலே பி.எச்.ஐ.க்குச் சொல்ல ஓடுகிறார்கள். 1869இல் பிரான்சில் மலிவு பட்டராகக் கண்டுபிடித்த பொருள் அது. பட்டர் பெயரில் விற்கத் தொடங்கியதும் ஒவ்வொரு நாடும் சட்டத்தைத் தூக்கியது. பிரித்தானியா 1887இல் சட்டம் போட்டு "மாஜரின்" என்று பெயர் எழுத வைத்தது. அமெரிக்கா 1886இல் றாத்தலுக்கு 2 சதம் வரி போட்டது, 1902இல் மஞ்சள் நிறம் சேர்த்த மாஜரினுக்கு அதை 10 சதமாக்கியது, 1950இல்தான் அந்த வரி ஒழிந்தது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மாஜரினுக்குப் பட்டர் நிறம் கொடுக்கக்கூடாது என்ற விதி 2008 வரை இருந்தது. வாங்குகிறவரைக் காப்பாற்ற என்று சொல்லிப் போட்ட இந்த வரிகளில் பாதி பால் பண்ணைக்காரரைக் காப்பாற்றத்தான் என்பது என் எண்ணம். எங்கள் சட்டம் அந்த வழிக்குப் போகாமல் பெயரையும் சேர்மானத்தையும் மட்டும் கேட்பது நல்லதே.

இனிக் கிண்ணியா அக்காவின் வெண்ணெய். வெள்ளையாக இருப்பதுதான் அதற்கு நற்சாட்சி. பசு மேய்ந்த புல்லில் உள்ள கரோட்டின் என்ற மஞ்சள் நிறப்பொருளில் ஒரு பகுதி மாறாமல் பாலுக்கு வந்து கொழுப்பை மஞ்சளாக்கும். நியூசிலாந்துப் பட்டர் மஞ்சளாக இருப்பது அதனால்தான். எருமை அந்தக் கரோட்டினை விற்றமின் ஏ ஆக்கிவிடுவதால் அதன் கொழுப்பு வெள்ளையாக நிற்கும். கிண்ணியா, கந்தளாய்ப் பக்கத்து எருமைத் தயிரைச் சட்டியில் பார்த்தவர்களுக்கு இது புதுமையாக இராது. உங்கள் வாடிக்கையாளர் மஞ்சளைப் பார்த்துப் பட்டரை அடையாளம் காண்கிறவராக இருக்கலாம், மாஜரினுக்கும் மஞ்சள் நிறம் சேர்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் கேக்குக்கு அந்த வெண்ணெய் சரிப்படுமா என்பது வேறு கேள்வி. கையால் கடைந்த வெண்ணெயில் மோர் நிறைய நிற்கும், தண்ணீர் 16 சதவீதத்தை எளிதாகத் தாண்டும், புளிப்பும் இருக்கும். குளிர் நீரில் இரண்டு மூன்று தடவை பிசைந்து கழுவி, மேலே சொன்னபடி உருக்கி நிறுத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு வராவிட்டால் கேக்கும் ஒரே மாதிரி வராது. என்னைக் கேட்டால் அதைக் கேக்குக்கு எடுக்காமல் நெய்யாக உருக்கிப் பலகாரத்துக்குப் பாவியுங்கள். உருக்கும்போது தண்ணீர் போய்விடும், புளிப்பும் தெரியாது. பால் சூடாக்காமல் உறை போட்டதா என்றும் அக்காவிடம் கேட்டு வையுங்கள், காய்ச்சாத பாலில் கிருமிப் பயம் உண்டு. கோயில் பக்கத்துக் கடைகளில் விளக்குக்கு என்று விற்கும் மலிவு நெய்யை மட்டும் பலகாரத்தில் தொடாதீர்கள், அது சாப்பாட்டுக்கு விற்கும் பொருளே இல்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பட்டரை உற்பத்தியாளரின் உறையோடு வாங்குங்கள். உறையில் பொருளின் பெயர், சேர்மானம், உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, தொகுதி இலக்கம், முடிவுத் திகதி இருக்கிறதா என்று பாருங்கள். உறையின் முன்பக்கத்துப் பசுவின் படத்தை நம்பாமல் பின்பக்கத்துச் சேர்மானத்தை வாசியுங்கள். பட்டருக்குப் பால் கிரீமும் வேண்டுமானால் உப்பும் போதும். எண்ணெய் என்று ஏதாவது வந்தால் அது வேறு பொருள். பில்லில் "சாமான்" என்று மொட்டையாக எழுதாமல் பட்டர் என்றும் பிராண்ட் பெயரும் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தொகுதிக் கேக் விற்று முடிந்து சில கிழமை வரையாவது உறையையும் பில்லையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். வெட்டித்தான் வாங்க வேண்டும் என்றால் பெட்டியின் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்பு வாங்கிய கட்டியில் மிச்சம் இருந்தால் எறியாமல், கேக்கிலும் போடாமல், மூடி குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய் உங்கள் பகுதி பி.எச்.ஐ.யிடம் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் திறந்து வைத்த துண்டு நீதிமன்றத்தில் அவ்வளவு செல்லாது, அவரே கடையில் எடுப்பதுதான் செல்லும். ஆனால் உங்கள் முறைப்பாடு அவருக்கு வழி காட்டும், உங்களுக்கும் "தெரிந்ததும் வந்து சொன்னேன்" என்று ஒரு பதிவு இருக்கும். பட்டர் என்று பொய் சொல்லி விற்றதற்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்திலும் முறையிடலாம். பணிமனைக்குப் போகிற வழியில் உங்கள் குசினி உணவு தயாரிக்கும் இடமாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் கேட்டு முடித்துவிடுங்கள். பதிவில்லாத இடத்திலிருந்து அடுத்தவர் மேல் முறைப்பாடு கொடுப்பது உங்களுக்குத்தான் சங்கடம்.

சண்டை பிடித்தவருக்கு என்ன சொல்வது? பட்டர் என்று நம்பி வாங்கினேன், இப்போது எனக்கே சந்தேகம் வந்திருக்கிறது, காசைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லுங்கள். மாஜரின் போட்டேன் என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், சுத்தப் பட்டர்தான் என்று சத்தியம் செய்யவும் வேண்டாம், இரண்டுக்கும் உங்களிடம் ஆதாரம் இல்லை. அப்புறம், புது லேபல் அடிக்கும்போது "சுத்தமான" என்ற சொல்லை விட்டுவிட்டு "பட்டர் கேக்" என்றும், கீழே சேர்மானங்களை அளவில் கூடியது முதலாவதாக வரும் ஒழுங்கில் எழுதியும் அடியுங்கள். ஏதாவது ஒரு நாள் பட்டர் கிடைக்காமல் மாஜரின் பாவித்தால் அந்தத் தொகுதிக்கு வேறு ஸ்டிக்கர் வேண்டும், பேனாவால் வெட்டி எழுதிச் சமாளிக்காதீர்கள்.